வேஸ்ட்கேட்டா, விஜிடியா? டர்போ வண்டி எடுக்கும் முன்

"ஒரே இன்ஜின்தான் சார். ஒண்ணு 75 பிஎஸ், இன்னொண்ணு 90. ரெண்டும் செகண்ட்ஹேண்ட். எதை எடுக்கட்டும்?"

டீசல் வண்டி தேடுபவர்களிடமிருந்து எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான் (பிஎஸ் இங்கே குதிரைத்திறன் அளவு). அடுத்தது பெட்ரோல் டர்போ வைத்திருப்பவர்கள் கேட்பது: "காலையில ஸ்டார்ட் பண்ணா டர்போகிட்ட கிணுகிணுன்னு சத்தம். ஆக்சுவேட்டர் போச்சு, மொத்த டர்போவையும் மாத்தணும்கிறாங்க. மாத்தலாமா?" மூன்றாவது, டிராக்கில் ஓட்ட வண்டி தயார் செய்யும் தம்பிகள் கேட்பது: "இன்டர்னல் வேஸ்ட்கேட்டை அடைச்சிட்டு எக்ஸ்டர்னல் போடலாமாண்ணே?"

மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றும் வேறு. உள்ளே போனால் ஒரே விஷயம்தான். எக்ஸாஸ்ட் புகையில் எவ்வளவு டர்போவின் சக்கரத்தைச் சுற்ற வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது? ஸ்பிரிங்கா, கம்ப்யூட்டரா, நீங்களா? அந்த முடிவு தவறிப்போகும் நாளில் வண்டி எந்தப் பக்கம் சாயும்? குதிரைத்திறனையும் மைலேஜையும் விட இந்த இரண்டாவது கேள்விதான் உங்கள் பணத்தைக் காப்பாற்றும். அதை நான் என் காசில் கற்றுக்கொண்டேன். அந்தக் கதை கொஞ்சம் தள்ளி வருகிறது.

## கலிங்கும் மதகும்

டர்போவில் ஒரு தண்டு, அதன் இரு முனையிலும் இரண்டு சக்கரங்கள். ஒன்றை எக்ஸாஸ்ட் புகை சுற்றுகிறது; அதுதான் டர்பைன். மற்றது வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் எரிபொருளும் கூடும். எரிபொருள் கூடினால் புகை கூடும், சக்கரம் இன்னும் வேகமெடுக்கும், காற்று மேலும் கூடும். இந்தச் சுழற்சி தானாக நிற்காது. சின்னக் கார்களின் டர்போத் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகளைத் தாண்டிச் சுழல்வது சாதாரணம். கடிவாளம் இல்லாவிட்டால் சக்கரம் சிதறும், அல்லது பிஸ்டன் ஓட்டையாகும்.

ஏரி நிரம்பியதும் கரை உடையாமல் மிகைநீர் வழிந்தோடக் கலிங்கு கட்டுவார்கள். வேஸ்ட்கேட் செய்வதும் அதே வேலைதான். டர்பைன் சக்கரத்துக்கு முன்னால் ஒரு துளை, அதன்மேல் ஒரு மூடி. அழுத்தம் போதுமானதும் மூடி திறக்கும். ஒரு பங்கு புகை சக்கரத்தைத் தொடாமலே சைலன்சர் பக்கம் போய்விடும்.

கலிங்கு இல்லாமலும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1962-ல் அமெரிக்காவில் இரண்டு டர்போ கார்கள் வந்தன. செவ்ரலே கோர்வேரின் டர்போவில் வேஸ்ட்கேட்டே கிடையாது; எக்ஸாஸ்ட் பாதையின் நெருக்கடிதான் அழுத்தத்தை மட்டுப்படுத்தியது. ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரில் வேஸ்ட்கேட் இருந்தது. டர்போ அன்றாட வண்டிக்கான பொருளானது ஸ்வீடன் நிறுவனமான சாபின் 'சாப் 99 டர்போ' காரோடுதான் என்பேன். 1977-ல் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். சிறிய டர்போவை வைத்துக் குறைந்த சுற்றிலேயே இழுவை வரச்செய்து, மேல் சுற்றில் மிஞ்சுவதை வேஸ்ட்கேட் வழியாக வெளியே விடுவது அவர்கள் வழி. இன்று உங்கள் தெருவில் ஓடும் டர்போ பெட்ரோல் கார்களும் பெரும்பாலும் அந்த வழியில்தான் ஓடுகின்றன.

விஜிடி எனப்படும் வேரியபிள் ஜியாமெட்ரி டர்போவை மதகோடு ஒப்பிடலாம். அது எதையும் வெளியே வழியவிடாது. டர்பைன் சக்கரத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன இறக்கைகள் வட்டமாக நிற்கும். புகை குறைவாக வரும்போது அவை நெருங்கி இடுக்கைச் சுருக்கும். ஹோஸ் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சுவதுபோல, கொஞ்சப் புகையும் வேகமாகச் சக்கரத்தில் மோதும். புகை அதிகமானால் இறக்கைகள் விரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரே சுற்றில் ஓடும் ஜெனரேட்டர் இன்ஜின்கள் பலவற்றில் இந்த இரண்டுமே இருக்காது. அந்த ஒரு வேகத்துக்கு ஏற்ற அளவில் டர்பைனைத் தேர்ந்தெடுத்தாலே போதும். நம் வண்டி நிற்கும், ஊரும், மலையேறும், பைபாஸில் பறக்கும். அதனால்தான் இந்தக் கதவு தேவைப்படுகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன்.

முதலாவது, பழுதானால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது. அழுத்தம் குறைந்துபோவது ஒரு வகைப் பழுது: வண்டி சோம்பலாகும், கரும்புகை தள்ளும், ஆனாலும் வீடு சேர்க்கும். அழுத்தம் எல்லை மீறுவது வேறு வகை. கம்ப்யூட்டர் அதைக் கவனித்து எரிபொருளை வெட்டினால் தப்பித்தோம். கவனிக்க சென்சார் இல்லாத பழைய வண்டியில் இன்ஜினே போகும்.

இரண்டாவது, 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே இழுவை எப்படி என்பது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் கொல்லிமலை ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். வளைவில் வேகம் செத்து, இரண்டாம் கியரில் மிதித்தும் வண்டி ஒரு நொடி யோசிக்கும்.

மூன்றாவது, கெட்டுப்போன பாகம் தனியாகக் கிடைக்குமா, உங்கள் ஊரில் அதைப் பொருத்தத் தெரிந்தவர் இருக்கிறாரா என்பது. நான்காவது, உங்கள் ஓட்டம் எப்படி என்பது: தினம் மூன்று கிலோமீட்டர் பள்ளிக்கூட ஓட்டமா, வாரம் ஒருமுறை சென்னை போய்வருவதா? ஐந்தாவது சட்டம். இது எக்ஸ்டர்னல் போட நினைப்பவர்களுக்கு மட்டும்.

## சாதா வேஸ்ட்கேட்: ஸ்பிரிங்கும் ரப்பர் ஹோஸும்

டர்போவின் உடம்பிலேயே மூடி இருக்கும்; இன்டர்னல் என்பதும் அதனால்தான். வெளியே டப்பா போல ஓர் ஆக்சுவேட்டர். அதற்குள் ரப்பர் டயாஃப்ரமும் ஸ்பிரிங்கும். காற்றை அமுக்கும் பக்கத்திலிருந்து ஒரு ஹோஸ் வந்து சேரும். அழுத்தம் ஸ்பிரிங்கை வென்றதும் ராடு தள்ளி மூடியைத் திறக்கும். இவ்வளவுதான்.

இதன் பலம் இந்த எளிமைதான். டயாஃப்ரம் கிழிந்தால் பல மாடல்களுக்கு ஆக்சுவேட்டர் மட்டும் கிடைக்கும். கைப்பம்பால் காற்றைச் செலுத்தி ராடு எப்போது நகர்கிறது என்று பார்த்தே சோதித்துவிடலாம். ஸ்கேனர்கூட இல்லாத பட்டறையிலும் இந்த வேலை நடக்கும்.

பலவீனமும் அதே ஸ்பிரிங்தான். அது படிப்படியாகவே அமுங்கும். இலக்கு 1 பார் என்றால் அதை எட்டும் முன்பே மூடி மெல்ல வாய் திறக்கத் தொடங்கிவிடும். உள்ளிருந்து எக்ஸாஸ்ட் அழுத்தமும் மூடியைத் தள்ளும். டர்போ வேகமெடுக்க வேண்டிய நேரத்தில் புகை வீணாகிறது. இதைச் சரிசெய்யத்தான் பல வண்டிகளில் ஹோஸின் நடுவே மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சாலினாய்டு வால்வு வைத்தார்கள். ஆக்சுவேட்டருக்குப் போகும் அழுத்தத்தைக் கம்ப்யூட்டர் அதன் வழியே கொஞ்சம் கசியவிட்டு, மூடியைக் கடைசி நொடிவரை மூடி வைத்திருக்கும். சாப் 1980-களின் தொடக்கத்திலேயே ஏபிசி என்ற பெயரில் இதைச் செய்து, இன்ஜின் தட்டுவதை உணரும் நாக் சென்சாரையும் அதோடு இணைத்தது.

மலைக்கும் இதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஸ்பிரிங் அளப்பது வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்பதைத்தான். கடல் மட்டத்தில் வெளிக்காற்று ஏறத்தாழ 1 பார். அதோடு டர்போ 1 பார் சேர்த்தால் இன்ஜினுக்குள் 2 பார். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் வெளிக்காற்று 0.77 பார் அளவுக்கு இறங்கிவிடும். டர்போ அதே 1 பாரைச் சேர்த்தால் 1.77. அதாவது பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இழப்பு. டர்போ இல்லாத இன்ஜின் கால் பங்குக்கு அருகில் இழந்திருக்கும். கம்ப்யூட்டர் ஆளும் டர்போவோ மொத்த அழுத்தத்தைக் குறிவைத்து, தண்டின் வேகம் அனுமதிக்கும் வரை அந்த இழப்பையும் ஈடுகட்டப் பார்க்கும்.

இப்போது பழுதின் திசை. ஹோஸ் கழன்றாலோ டயாஃப்ரம் கிழிந்தாலோ ஆக்சுவேட்டருக்குச் செய்தி போகாது. செய்தி போகாவிட்டால் மூடி திறக்காது. ஆக, விலை குறைந்த ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால் அழுத்தம் *கூடும்*. ஹோஸ் போனால் பிக்கப் குறையும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இந்த வகையில் நடப்பது நேர்மாறு. மூடியின் புஷ் தேய்ந்தாலோ மூடி உட்காரும் இடம் விரிசல் விட்டாலோதான் அழுத்தம் குறையும். கூடவே கிணுகிணு சத்தமும் வரும்.

என் கதைக்கு வருகிறேன். பழைய டீசல் ஹேட்ச்பேக் ஒன்று வாங்கினேன், சாதா வேஸ்ட்கேட் உள்ளது. சமதளத்தில் அருமையான பிக்கப். மலையில், ஆள் நிறைந்த வண்டியில், மூன்றாம் கியரில் அழுத்தி ஏறினால் மட்டும் இன்ஜின் லைட் எரிந்து வண்டி படுத்துவிடும். ஸ்கேனரில் பி0234, அதாவது அழுத்தம் மிகை. ஒரு பட்டறையில் சென்சாரை மாற்றினார்கள். இன்னொன்றில் சாலினாய்டு. மூன்றாவது இடத்தில் மொத்த டர்போவுக்கும் விலை சொன்னார்கள். கடைசியில் வயதான மெக்கானிக் ஒருவர் டார்ச் அடித்து ஆக்சுவேட்டர் ராடைப் பார்த்தார். கம்பெனியில் லாக்நட்டின் மேல் வைக்கும் பெயின்ட் குறி உடைந்திருந்தது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் பிக்கப்புக்காக ராடை மூன்று மரை சுருக்கியிருக்கிறார். ஸ்பிரிங் கூடுதல் இறுக்கத்தில் நின்றதால் மூடி தாமதமாகத் திறந்தது. ஏரிக்கலிங்கின் கற்களுக்கு நடுவே பலகையும் மண்ணும் அடைத்துக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் தேக்குவார்களே, அதே வேலைதான். மழை வலுக்காதவரை லாபம்.

ராடைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்ததும் எல்லாம் சரியாயிற்று. அதற்குள் மூன்று வாரமும் தேவையில்லாத இரண்டு பாகங்களின் விலையும் போயிருந்தன. சாதா வேஸ்ட்கேட்டின் மறைமுகச் செலவு என்று நான் சொல்வது இதைத்தான். யார் வேண்டுமானாலும் ஸ்பேனரை வைக்கலாம், வைத்ததை யாரும் சொல்ல மாட்டார்கள்.

## எலக்ட்ரானிக் வேஸ்ட்கேட்: மோட்டார் திறக்கும் கதவு

மூடி அதேதான். டயாஃப்ரமுக்குப் பதில் ஒரு சின்ன மோட்டார், பல்சக்கரங்கள், மூடி எந்த நிலையில் நிற்கிறது என்று சொல்லும் சென்சார். இன்றைய டர்போ பெட்ரோல் கார்களில் இது பரவலாகிவிட்டது.

டயாஃப்ரத்துக்கு அழுத்தம் உருவானால்தான் உயிர். மோட்டாருக்கு அது வேண்டாம். காலையில் ஸ்டார்ட் செய்தவுடனே மூடியை முழுதாகத் திறந்து, சூடான புகையை நேராக, அதைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு அனுப்பலாம். கன்வெர்ட்டர் சீக்கிரம் சூடேறினால்தான் மாசு விதிகளை நிறைவேற்ற முடியும். நெடுஞ்சாலையில் மிதமாகப் போகும்போதும் மூடியைத் திறந்து வைத்தால் இன்ஜின் புகையைத் தள்ளச் சிரமப்படாது, எரிபொருள் மிச்சமாகும். ஓவர்டேக் செய்ய மிதித்தால் உடனே மூடிக்கொள்ளும்.

பழுதானால் பாதுகாப்பான பக்கம்தான் சாயும். தான் கேட்ட நிலையும் சென்சார் சொல்லும் நிலையும் ஒத்துப்போகாவிட்டால் கம்ப்யூட்டர் த்ராட்டிலைக் கட்டுப்படுத்தி, சக்தியைக் குறைத்து ஓட்டும் லிம்ப் மோடுக்குப் போய்விடும். இன்ஜின் பிழைத்துக்கொள்ளும். அடி விழுவது உங்கள் பையில்.

சில மாடல்களுக்கு ஆக்சுவேட்டரைத் தனியாகத் தருகிறார்கள். சிலவற்றுக்கு முழு டர்போவோடுதான் தருவார்கள். தனியாகக் கிடைத்தாலும் பொருத்தியபின் மூடி எங்கே முழுதாக மூடுகிறது, எங்கே முழுதாகத் திறக்கிறது என்று கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்த வசதியுள்ள ஸ்கேனர் இல்லாத பட்டறையில் பாகத்தை மட்டும் மாற்றினால் பழைய கோளாறே திரும்ப வரும். அதனால் பாகத்தின் விலையைக் கேட்கும்போதே, "அடாப்டேஷன் நீங்களே செய்வீர்களா?" என்றும் கேளுங்கள்.

கிணுகிணு சத்தம் கேட்டவர்களுக்கு என் பதில்: சத்தம் எங்கிருந்து என்று முதலில் உறுதி செய்யுங்கள். ராடும் மூடியின் கையும் சேரும் இடத்தில் ஆட்டம் இருந்தால் மோட்டார் நன்றாகவே இருக்கலாம். தளர்ந்த ஹீட் ஷீல்டும் இதே சத்தம் போடும். இழுவையும் குறையாமல், லைட்டும் எரியாமல், இன்ஜின் சூடானதும் சத்தம் அடங்கினால் மறுநாளே டர்போ மாற்ற ஓட வேண்டாம். இன்னொருவரிடமும் காட்டுங்கள்.

## விஜிடி: எதையும் வீணாக்காத மதகு

ஒரே இன்ஜினை இரண்டு டர்போவோடு ஒப்பிடும் வாய்ப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. ஃபியட்டின் 1,248 சிசி மல்டிஜெட் டீசல், மாருதியில் டிடிஐஎஸ் என்றும் டாட்டாவில் குவாட்ராஜெட் என்றும் ஓடியது. ஸ்விஃப்ட் போன்றவற்றில் சாதா வேஸ்ட்கேட்டோடு 75 பிஎஸ், 2,000 ஆர்பிஎம்மில் 190 நியூட்டன் மீட்டர். எர்டிகா, பிரெஸ்ஸா போன்றவற்றில் விஜிடியோடு 90 பிஎஸ், 1,750 ஆர்பிஎம்மில் 200. முறுக்குவிசையில் பத்து நியூட்டன் மீட்டர்தான் கூடுதல். ஆனால் அது 250 சுற்று முன்னதாகவே வந்துவிடுகிறது. ஓட்டும்போது தெரிவது அந்த 250-தான். 75 பிஎஸ் வண்டியை 1,800-க்குக் கீழே விட்டால் தூங்கிவிடும் என்று ஓட்டியவர்கள் எல்லாரும் சொல்வார்கள்.

இன்னொரு ஜோடி கியா சோனெட். 2020-ல் வந்தபோது அதே 1.5 லிட்டர் டீசல், மேனுவல் கியரில் வேஸ்ட்கேட்டோடு 100 பிஎஸ், 240 நியூட்டன் மீட்டர். ஆட்டோமேடிக்கில் விஜிடியோடு 115 பிஎஸ், 250. செகண்ட்ஹேண்டில் பார்க்கும்போது இந்த வித்தியாசத்தைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

புதிய டீசல்களில் விஜிடி பரவியதற்கு இழுவை மட்டும் காரணமல்ல. இறக்கைகளை நெருக்கினால் எக்ஸாஸ்ட் பக்கம் அழுத்தம் கூடும். அந்த அழுத்தம் இஜிஆர் வழியாகப் புகையின் ஒரு பங்கை மீண்டும் இன்ஜினுக்குள் தள்ள உதவும். மாசைக் குறைக்க அது வேண்டும். கனரக லாரிகள் சிலவற்றில் இதே இறக்கைகளை இறுக்கி இன்ஜின் பிரேக்குக்கும் வலுச் சேர்க்கிறார்கள்.

விலை கொடுக்க வேண்டிய இடம் கரி. குறைந்த சுற்றிலேயே ஊர்ந்து, இன்ஜின் சூடாகும் முன்பே நிறுத்திவிடும் வண்டியில் இறக்கைகளின் அச்சிலும் அவற்றை ஒன்றாகத் திருப்பும் வளையத்திலும் கரி படியும். ஒருநாள் இறக்கை நினைத்த இடத்துக்குத் திரும்பாது. விரிந்த நிலையில் இறுகினால் பி0299, அதாவது அழுத்தம் போதவில்லை. நெருங்கிய நிலையில் இறுகினால், மேட்டில் அழுத்தி ஏறும்போது அழுத்தம் எகிறி லிம்ப் மோடு. இன்ஜினை அணைத்துப் போட்டால் சரியாகி, அடுத்த மேட்டில் மறுபடி வந்தால் இறக்கைகளின் மேல் சந்தேகப்படலாம்.

டர்போவின் மேல் கைவைக்கும் முன் வாக்யூம் ஹோஸ்களைப் பாருங்கள். வாக்யூமால் இயங்கும் விஜிடியில் ஹோஸ் கிழிந்தால் இறக்கைகள் விரிந்தே நிற்கும், வண்டி உயிரில்லாமல் நகரும். சாதா வேஸ்ட்கேட்டுக்கு நேர் எதிர்த் திசை. ஹோஸையும் சாலினாய்டையும் பார்க்காமலே டர்போவை மாற்றச் சொல்லும் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஹோஸ் மாற்ற வேண்டிய இடத்தில் டர்போவுக்குப் பணம் கட்டிய குடும்பங்களை எனக்குத் தெரியும்.

கழற்றிச் சுத்தம் செய்தால் பல விஜிடிகள் பிழைக்கும். ஆனால் இறக்கைகளின் கடைசி நிறுத்தத்தைத் தீர்மானிக்கும் ஸ்டாப் ஸ்க்ரூவை யாரும் தொடக் கூடாது. கோர், அதாவது தண்டும் சக்கரங்களும் சேர்ந்த நடுப்பகுதியை மட்டும் மாற்றும் மலிவு வேலையிலும் ஆபத்து இருக்கிறது. இறக்கைத் தொகுதி பழையதாகவே இருந்தால் கோளாறு அப்படியே இருக்கும். மாற்றியபின் இறக்கைகளின் இடுக்கில் எவ்வளவு காற்று போகிறது என்று டெஸ்ட் பெஞ்சில் சரிபார்க்க வேண்டும். அந்த பெஞ்ச் எல்லா ஊரிலும் இல்லை.

பெட்ரோலில் விஜிடி ஏன் அரிது என்று கேட்பார்கள். டீசல் புகையைவிட பெட்ரோல் புகை சூடு அதிகம், 1,000 டிகிரி செல்சியஸ் வரை போகும். அந்தச் சூட்டில் சின்ன இறக்கைகள் சிக்காமல் திரும்ப விலையுயர்ந்த உலோகம் வேண்டும். 2006-ல் போர்ஷே 911 டர்போவில் போர்க்வார்னர் அதைச் செய்துகாட்டியது.

## எக்ஸ்டர்னல் வேஸ்ட்கேட்: டிராக்குக்கு மட்டும்

டர்போவிலிருந்து விலகி, இன்ஜினின் புகையைத் திரட்டி டர்போவுக்குக் கொண்டுவரும் மேனிஃபோல்டில் தனியாகப் பொருத்தும் வால்வு இது. 38, 45, 60 மில்லிமீட்டர் என்று வாய் அகலம் பார்த்து வாங்கலாம். ஸ்பிரிங்கை மாற்றி அடிப்படை அழுத்தத்தை மாற்றலாம். பெரிய டர்போ, அதிக புகை என்றாகும்போது இன்டர்னலின் சின்னத் துளை போதாமல், மூடி முழுதாகத் திறந்தும் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அந்த நோய்க்கு இதுதான் மருந்து.

தம்பிகள் கவனிக்க வேண்டியது பொருத்தும் கோணத்தை. மேனிஃபோல்டிலிருந்து செங்குத்தாகக் குழாய் இழுத்தால் புகை திரும்ப மறுத்து டர்பைனுக்கே ஓடும். எவ்வளவு பெரிய வால்வானாலும் பயன் குறைந்துவிடும். ஓட்டத்தின் திசையிலேயே சாய்வாகப் பிரிய வேண்டும். வால்வின் விலையோடு செலவு முடிவதில்லை. மேனிஃபோல்டு, வெல்டிங், வெப்பக் கவசம், டியூனிங் எல்லாம் சேரும். புகை இரண்டு தனிப் பாதைகளில் வரும் ட்வின் ஸ்க்ரோல் டர்போவாக இருந்தால் இரண்டு பக்கத்துக்கும் வழி பார்க்க வேண்டும். ஸ்பிரிங் வைத்த அளவுக்குக் கீழே அழுத்தத்தை இறக்கவும் முடியாது. அதனால் சின்ன ஸ்பிரிங்கில் தொடங்கி மேலே போங்கள்.

சாலையில் ஓடும் வண்டிக்கு வேண்டாம் என்பேன். பலர் வால்வின் வாயை நேராக வெளிக்காற்றில் விடுகிறார்கள். சைலன்சரையும் கன்வெர்ட்டரையும் தாண்டிப் புகை போகிறது. அது மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 190(2) சொல்லும் ஒலி, புகை விதிமீறலில் வரும். வண்டியில் செய்யும் மாற்றங்களுக்குப் பிரிவு 52 தனியாக இருக்கிறது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் க்ளெய்மிலும் இந்தக் கேள்வி எழும்.

## ஒரே பார்வையில்

| | சாதா வேஸ்ட்கேட் | எலக்ட்ரானிக் வேஸ்ட்கேட் | விஜிடி | எக்ஸ்டர்னல் |
|---|---|---|---|---|
| முடிவெடுப்பது | ஸ்பிரிங், சிலவற்றில் சாலினாய்டு உதவி | கம்ப்யூட்டர் | கம்ப்யூட்டர் | டியூன் செய்பவர் |
| கீழ்ச்சுற்று இழுவை | சுமார் | நன்று | மிக நன்று | டர்போவின் அளவைப் பொறுத்தது |
| ஹோஸ் அல்லது மின் இணைப்பு போனால் | அழுத்தம் எகிறும் | லிம்ப் மோடு | வாக்யூம் வகையில் அழுத்தம் விழும் | அழுத்தம் எகிறும் |
| முதலில் தேய்வது | மூடியின் புஷ், டயாஃப்ரம் | ராடு இணைப்பு, பல்சக்கரம் | கரியில் சிக்கும் இறக்கைகள் | டயாஃப்ரம், வெல்டிங் |
| பழுது பார்ப்பு | உள்ளூர்ப் பட்டறை | ஸ்கேனர் உள்ள இடம் | டர்போ நிபுணர், பெஞ்ச் | கட்டியவரே |
| மறைமுகச் செலவு | முந்தைய ஓனரின் கைவேலை | முழு டர்போ வாங்க வேண்டிய நிலை | தவறான நோயறிதல் | மேனிஃபோல்டு, டியூனிங், சட்டம் |

## யாருக்கு எது

தினம் குறைந்த தூரம், ஊருக்குள் மட்டும், பழுது பார்க்கப் பக்கத்துப் பட்டறைதான் என்றால் டீசலில் 75 பிஎஸ் வேஸ்ட்கேட் வண்டியை எடுங்கள். கியரைக் கொஞ்சம் கூடுதலாக மாற்ற வேண்டியிருக்கும், அதற்கு மேல் கேட்காது. உண்மையில் அவ்வளவு குறைந்த ஓட்டத்துக்கு டீசலே வேண்டாம். எலக்ட்ரானிக் வேஸ்ட்கேட் உள்ள டர்போ பெட்ரோல் போதும். ஆனால் வாரண்டி முடியும் தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

மலைப்பாதை, ஏழு பேர், மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டர் என்றால் தயங்காமல் விஜிடி. நீண்ட ஓட்டம் அதன் கரிக்கு மருந்தும் ஆகும். ஆயில் மாற்றும் கெடுவைத் தள்ளிப்போடாதீர்கள். மலை ஏறி முடித்ததும் ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணையுங்கள். 75-க்கும் 90-க்கும் நடுவே நிற்பவருக்கும் இதே பதில்தான்: உங்கள் மாதாந்தரக் கிலோமீட்டரைப் பார்த்து முடிவெடுங்கள்.

## வாங்கும் முன் பத்து நிமிடம்

இன்ஜின் ஆறியிருக்கும்போதே போய்ப் பாருங்கள். முன்பே ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். பானெட்டைத் திறந்து ஆக்சுவேட்டரின் லாக்நட்டில் பெயின்ட் குறி உடையாமல் இருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள். ஹோஸ்களை விரலால் அழுத்திப் பாருங்கள்; வெடிப்போ ஆயில் பிசுக்கோ இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். வாக்யூம் விஜிடியில் ஸ்டார்ட் செய்யும் நொடியில் ராடு தயங்காமல் முழுதாக இழுபட வேண்டும், அணைத்தால் வழுக்கித் திரும்ப வேண்டும். திக்கித் திக்கி நகர்ந்தால் கரி.

பிறகு வண்டியில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு ஒரு மேம்பாலமோ மேடோ பாருங்கள். மூன்றாம் கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து முழுதாக மிதித்து 3,500 வரை விடாமல் போங்கள். கோளாறுள்ள டர்போ சமதளத்தில் மறைந்துகொள்ளும், மேட்டில்தான் பிடிபடும். திரும்பி வந்ததும் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். பழைய பழுதுக் குறியீடுகளை முன்பே அழித்து வைத்திருந்தாலும் இந்த ஓட்டத்தில் புதிதாகப் பதிந்தது அதில் தெரியும்.